கலைச்சொல் விவாதம்: லேசர் வாயுவில் ‘அயனி விதைப்பு’

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அவையோர்க்கு வணக்கம்.

நாம் மடல்வழி தொகுத்துவரும் வாயு லேசர் கலைச்சொற்பட்டியலில் எல்லாரும் தயங்கி நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. வாயு வழியே மின்சாரம் பாயும் முதன்மை மின்னிறக்கத்துக்குச் சற்று முன்பு, வாயு நிறைந்த இடம் முழுக்கக் கொஞ்சம் எலக்ட்ரான்களை உண்டாக்கி வைக்கிறார்களே, அந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்? ஆங்கிலத்தில் ‘பிரீஅயனைசேஷன்’ எனப்படும் இதற்கு நம் குழுவின் ஐயா தம் மடலில் ‘முன்மின்மமாக்கம்’ தந்தார். அடுத்து வந்த மடலில் ‘முன்னயனியாக்கம்’ வந்தது. நான் ‘அயனி விதைப்பு’ என்று முன்வைக்கிறேன். காரணம் சொல்லக் கொஞ்சம் நீளும்.

அந்த வேலை எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1964இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். நம் பாராமதியில் பிறந்தவர். நீண்ட கண்ணாடிக் குழாய், குறைந்த அழுத்தத்தில் வாயு, இரு முனைகளுக்கு இடையே மின்னிறக்கம். பிறகு நைட்ரஜன் சேர்த்தார்கள். அது தான் வாங்கிய அதிர்வு ஆற்றலை கார்பன் டை ஆக்சைடின் மேல் ஆற்றல்மட்டத்துக்கு ஏறக்குறைய அப்படியே கைமாற்றுகிறது. ஹீலியம் சேர்த்தார்கள், அது வெப்பத்தைச் சுவருக்குக் கடத்திக் கீழ் ஆற்றல்மட்டத்தைக் காலி செய்கிறது. இவையெல்லாம் நல்ல முன்னேற்றங்கள்தாம். ஆனால் ஒரே துடிப்பில் மிகுந்த ஆற்றல் வேண்டுமென்றால் வாயுவின் அடர்த்தி கூட வேண்டும், அதாவது அழுத்தம் ஏற வேண்டும். சிக்கல் அங்கேதான்.

குறைந்த அழுத்தத்தில் மின்னிறக்கம் குழாய் நிறைய மென்மையாக ஒளிர்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் அது அப்படி நிற்பதில்லை. எங்கோ ஓரிடத்தில் சுருங்கி, மின்வில்லாக வெடித்து, மின்னோட்டம் முழுவதையும் தன் வழியாக இழுத்துக்கொள்கிறது. மீதி வாயு கிளர்ச்சி அடையாமல் கிடக்கும். கனடாவில் பொலியூ என்ற ஆய்வாளர் 1970இல் அறிவித்த லேசரில் மின்னோட்டம் குழாயின் நீளவாக்கில் போகவில்லை, குறுக்கே போயிற்று. ஏராளமான ஊசிமுனைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்தடை. எந்த ஊசியும் தன் பங்குக்கு மேல் மின்னோட்டத்தை எடுக்க முடியாது. வளிமண்டல அழுத்தத்தில் லேசர் இயங்கியது. அதற்கடுத்த படிதான் நம் சொல். ஊசிகளை எடுத்துவிட்டு, ஓரங்களில் மின்புலம் குவியாத ரொகோவ்ஸ்கி வளைவு போன்ற வடிவத்தில் இழைத்த வழவழப்பான இரு மின்வாய்களை வைத்து, நடுவிலுள்ள வாயுவில் முன்கூட்டியே எலக்ட்ரான்களைத் தூவினார்கள்.

ஏன் தூவ வேண்டும்? மின்புலம் ஏறும்போது ஒவ்வொரு எலக்ட்ரானும் வாயு மூலக்கூறுகளை மோதிப் புதிய எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. ஒன்று பலவாகி ஒரு பெருக்கு கிளம்புகிறது. தொடக்க எலக்ட்ரான்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், ஒரு பெருக்கின் தலை தனியே பருத்து, தன்னைச் சுற்றிய மின்புலத்தையே திரித்து, மின்வில்லுக்கு வழி திறந்துவிடும். நெருக்கமாக இருந்தால் பக்கத்துப் பெருக்குகளின் தலைகள் அந்த அளவு பருக்கும் முன்பே ஒன்றோடொன்று கலந்துவிடும். மின்புலம் சமனாகவே நிற்கும். 1974இல் பாமர் என்ற ஆய்வாளர் இந்தக் கருத்தை ஒரு நிபந்தனையாகவே எழுதிக் காட்டினார். தேவைப்படும் அளவும் வியப்பானது. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் பத்து லட்சம் முதல் பத்துக் கோடி எலக்ட்ரான் போதும். அதே இடத்தில் இருக்கும் வாயு மூலக்கூறுகள் 10இன் அடுக்கு 19 என்ற வரிசையில் இருக்கின்றன. அத்தனை மூலக்கூறுகளுக்கு நடுவே இத்தனை சொற்பமான எலக்ட்ரான்கள் சரியாகப் பரவியிருந்தால் லேசர் வேலை செய்கிறது. இல்லாவிட்டால் மின்பொறியாக வெடித்து ஆற்றல் வீணாகிறது.

என் வாதம் இந்தப் பரவலைப் பற்றியதுதான். ‘முன்’ என்ற ஒட்டு நேரத்தை மட்டும் சொல்கிறது. இந்தக் கண்டுபிடிப்பின் உயிர் நேரத்தில் பாதி, பரவலில் பாதி. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் முதல் போகத்துக்குப் புழுதியில் நெல் விதைப்பவர் கையைப் பாருங்கள்: ஓரிடத்தில் கொட்டினால் அங்கே மண்டும், மற்ற இடம் வெறிச்சென்று கிடக்கும். ‘விதைத்தல்’ என்ற சொல்லுக்குள் முன்னதாக, குறைவாக, சமமாக, பின்னால் பெருகுவதற்காக என்ற நான்கும் ஏற்கெனவே இருக்கின்றன. இதைவிடப் பொருத்தமான வினை நமக்குக் கிடைக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

‘முன்னயனியாக்கம்’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறமாலையியலின் பழைய நூல்களில் இதே ஆங்கிலச் சொல் வேறொன்றைக் குறித்தது. கிளர்வுற்ற அணு வெளித் தூண்டுதல் இல்லாமல் தானே எலக்ட்ரானை உதறும் நிகழ்வு அது. அதற்குத் ‘தன்னயனியாக்கம்’ பொருந்தும். ஆங்கிலத்தின் பழைய குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

விதைக்கப்படுவது எலக்ட்ரான்தானே, ‘எலக்ட்ரான் விதைப்பு’ என்பதல்லவா துல்லியம் என்று கேட்கலாம். கேள்வி நியாயம். ஆனால் நடுநிலை அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரான் பிரிந்தால் ஓர் அயனியும் உடன் பிறக்கிறது. ‘அயனியாக்கம்’ பாடநூலில் நிலைத்த சொல். அதன் குடும்பத்திலேயே இதுவும் இருந்தால் மாணவருக்குத் தொடர்பு அறுபடாது. எங்கள் தாலுக்காவில் தமிழ் வழியில் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கேரள அரசின் பாடநூல் தமிழில் வருகிறது. அதற்குமேல் ஆங்கிலம், வகுப்புப் பேச்சில் மலையாள ‘அயோணீகரணம்’. அந்தப் பிள்ளை பின்னொரு நாள் லேசர் படிக்கும்போது, தமிழில் முன்பு கற்ற ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இதற்காகத்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

அன்புடன்.

கஞ்சிக்கோட்டிலிருந்து

மாஷே, வணக்கம்.

நான் லேசர் கட்டிங் மெஷின் சர்வீஸ் பார்க்கிறவன். இப்போது இரும்புத் தகடு வெட்ட பெரும்பாலும் ஃபைபர் லேசர்தான். அக்ரிலிக், மரம், தோல் என்று வந்தால் இன்னும் சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) டியூப்தான் சோறு போடுகிறது. அதனால் இந்தப் பேச்சு எனக்கு வேண்டியது.

‘விதைப்பு’ நன்றாக இருக்கிறது, வாயிலும் நிற்கிறது. ‘முன்மின்மமாக்கம்’ என்று கடையில் நின்று என்னால் சொல்ல முடியாது. ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ‘முன்’ குழப்பும் என்று யாரும் வாதாட வேண்டாம். முன்பணம், முன்பதிவு என்று ஊரே பேசுகிறது, ஒருத்தரும் குழம்பவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, ‘சீட் லேசர்’ என்று ஏற்கெனவே இருக்கிறது. சிறிய லேசரிலிருந்து சுத்தமான ஒளியைப் பெரிய லேசருக்குள் விட்டு, அதே அலைநீளத்தில் பெருக்கி எடுப்பார்கள். அதுவும் விதைதானே, இடிக்காதா? இரண்டு, ரேடியோ அலை மின்சாரத்தில் ஓடும் ஆர்எஃப் டியூப்பில் ‘டிக்கிள்’ என்று ஒன்று. லேசர் அடிக்காத நேரத்திலும் ஒரு மைக்ரோ நொடி அளவுக்குச் சின்னத் துடிப்பு போய்க்கொண்டே இருக்கும், நொடிக்கு 5000 தடவை மாதிரி. ஒளி வெளியே வராது. கேஸ் மட்டும் அயனியான நிலையில் தயாராக நிற்கும். கட்டளை வந்ததும் முதல் துடிப்பு தாமதிக்காமல் எழும். அதுவும் உங்கள் அயனி விதைப்பில் சேருமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

தம்பி, இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள். ‘முன்’ பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ளலாம். அது ஐயாவின் பக்கத்துக்கு வலுதான்.

முதல் சந்தேகம் என் சொல்லுக்கு உதவியே செய்கிறது. ஒளியை விதைத்தால் ‘ஒளி விதைப்பு’, அயனியை விதைத்தால் ‘அயனி விதைப்பு’. முன்சொல் பிரித்துக் காட்டிவிடும். கணினிச் சிப்பு அச்சிடும் ஆர்கான் ஃபுளூரைடு லேசர்களில் இரண்டுமே நடக்கின்றன. ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதிப் பாருங்கள், வாசிப்பவர் தடுக்கி விழமாட்டார்.

இந்த எக்சைமர் வகை லேசர்களைப் பற்றிச் சேர்த்துச் சொல்ல வேண்டும், சொல்லின் கிளைகள் அங்கேதான் தேவைப்படுகின்றன. 193 நானோமீட்டர் ஒளி தரும் அந்த வாயுக் கலவையில் ஃபுளூரின் இருக்கிறது. ஃபுளூரின் எலக்ட்ரான்களை விழுங்கும். அதனால் விதைத்தவுடனே முதன்மைத் துடிப்பு வந்தாக வேண்டும், தாமதித்தால் விதைத்தது பறிபோகும். மின்வாய்களின் ஓரத்தில் வரிசையாகப் பொறி பறக்கவிட்டு, அதன் புற ஊதா ஒளியால் விதைப்பது ஒரு முறை. நன்றாகவே விதைக்கும், ஆனால் பொறிமுனையின் உலோகம் தேய்ந்து துகளாகி வாயுவைக் கெடுக்கும், சாளரத்தில் படியும். பீங்கான் குழாய்க்குள் உலோகத் தண்டு வைத்து, அதன் மேற்பரப்பில் ஒளிவட்ட (கொரோனா) மின்னிறக்கம் உண்டாக்குவது இன்னொரு முறை. அதன் புற ஊதா ஒளி மெலிந்தது. ஆனால் வாயு நெடுநாள் சுத்தமாக இருக்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்பு தரும் லேசர்களுக்கு அந்தச் சுத்தம் பெரிய விஷயம். பெரும் கனஅளவுக்கு எக்ஸ் கதிர், ஏனென்றால் அது வாயுவுக்குள் ஆழம்வரை ஊடுருவும். ஆகவே பொறி விதைப்பு, ஒளிவட்ட விதைப்பு, எக்ஸ் கதிர் விதைப்பு. கருவிக்கு ‘அயனி விதைப்பான்’. ‘முன்மின்மமாக்க’த்திலிருந்து இப்படிக் கிளைகளை ஒடித்தெடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு முழம் நீளும்.

டிக்கிள் தனி. அது குறைந்த அழுத்தத்தில், மின்வில்லைத் தடுக்க அல்லாமல், தாமதத்தைக் குறைக்க நடப்பது. பரவல் அங்கே சிக்கலே இல்லை. ‘சீண்டல் துடிப்பு’ என்று வைத்தால் என்ன? ஆங்கிலத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுவது என்று பொருள், சீண்டல் அதற்கு நெருக்கம். நம் காதுக்கும் இயல்பாக இருக்கிறது. நீங்கள் கடையில் சொல்லிப் பார்த்து எழுதுங்கள், அதில் உங்கள் தீர்ப்பே முடிவு.

பதிவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘அயனி விதைப்பு – உயர் அழுத்த வாயு லேசரில், முதன்மை மின்னிறக்கம் மின்வில்லாகச் சுருங்காதிருக்க, அதற்குச் சற்று முன்னதாக வாயு முழுவதும் எலக்ட்ரான்–அயனி இணைகளைச் சீராகப் பரப்புதல்.’

ஐயா, அயனிக்கு ‘மின்மம்’ உங்கள் நெடுநாள் சொல் என்பது தெரியும். ‘மின்ம விதைப்பு’ என்று அதையும் மாற்றுச்சொல்லாகப் பக்கத்தில் இடலாமா? உங்கள் பதில் வந்ததும் பட்டியலில் ஏற்றுகிறேன்.