புதுப்பிப்பு: 178 கட்-ஆஃப், முதல் பட்டதாரி, மகளுக்கு இடம் கிடைத்தது

மகள் கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 84; கணிதம் முழுதாக, மற்ற இரண்டிலும் பாதி என்று கூட்டினால் கட்-ஆஃப் 200-க்கு 178. பொறியியல் கலந்தாய்வில் எங்கே கிடைக்கும், வாங்கும் சம்பளத்தில் தாங்குமா என்று ஜூனில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பர்கூர் அரசுக் கல்லூரியில் மின்னியல் கிடைத்துவிட்டது.

உதவியது இதுதான்: "போன வருட கட்-ஆஃபைப் பார்க்காதீங்க, உங்க வகுப்புவாரி தரவரிசையை (பி.சி., எம்.பி.சி. மாதிரி உங்க இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குள் வரும் இடத்தை) போன வருடம் கடைசியாக இடம் கிடைத்தவரின் தரவரிசையோடு ஒப்பிடுங்க" என்று ஒரு நண்பர் எழுதியது. மதிப்பெண் வருடாவருடம் ஏறி இறங்குகிறது, தரவரிசை அவ்வளவு ஆடுவதில்லை. அப்படிப் பார்த்துத்தான் விருப்பப் பட்டியலில் பர்கூரை மேலே போட்டோம்.

முதலில் வந்தது ஒரு தனியார் கல்லூரி. அதை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே போட்ட இடம் கிடைக்கிறதா என்று காத்திருப்பதாகத் தேர்வு செய்து, கலந்தாய்வு உதவி மையத்தில் பணம் கட்டினோம். கெடு சில நாள்தான், தவறவிட்டால் இடம் போய்விடும். அப்புறம் பர்கூர் வந்தது.

எதிர்பாராதது இரண்டு. அந்தத் தனியார் கல்லூரியில் கல்விக் கட்டணத்தை மட்டும் சொன்னார்கள்; பேருந்து, "இதர கட்டணம்" என்று தனித் தாள் ஒன்று பின்னால் வந்தது. நேரில் போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு (குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான கட்டணச் சலுகைக்கு இது வேண்டும்) தாத்தா பாட்டி படிப்பு விவரம் வரை கேட்டார்கள். இ-சேவையில் விண்ணப்பித்தும் கிராம நிர்வாக அலுவலரிடம் இரண்டு முறை அலைந்தேன். தேர்வு முடிவு வரும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

கல்விக் கடன் இப்போதைக்குத் தேவைப்படவில்லை. விடுதிக்கு மட்டும் சீட்டு கட்டிச் சேர்த்த பணம்.