தெரிவிப்புக்குரிய நோய்: ஒரு கலைச்சொல் முன்மொழிவும் மறுமொழிகளும்

முதல் மடல் (எலகங்காவிலிருந்து)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பெங்களூரை அடுத்த ஆனேக்கல், அத்திபெலே பக்கம் கறவை மாடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகக் கால்நடை நோய்க் கையேடு ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து தமிழில் ஆக்கி வருகிறோம். நோய்களின் பெயருக்கு எங்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. கோமாரி, அடைப்பான், சப்பை நோய், கன்று வீச்சு, வெறிநோய் என எல்லாமே மாடு வளர்ப்போர் வாயில் புழங்கும் சொற்கள். எந்தக் குழுவும் கூடி ஆக்கியவை அல்ல. உலகை விட்டே ஒழிந்துபோன மாட்டுக் கொள்ளைநோயான ரிண்டர்பெஸ்டுக்குக்கூட வெக்கை நோய் என்ற பெயர் பெரியவர்கள் நினைவில் இருக்கிறது. எங்கள் கை நின்றுபோன இடம் ‘நோட்டிஃபையபிள் டிசீஸ்’. இந்த நோயாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்ததுமே உரியவரிடம் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தும் நோய் என்பது அதன் பொருள்.

இப்போது புழக்கத்தில் உள்ளவை இரண்டு. ‘அறிவிக்கத்தக்க நோய்’ என்பது ஆங்கிலச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. தமிழில் ‘தக்க’ என்பது தகுதியைச் சொல்லும். உண்ணத்தக்க காளான் என்றால் உண்ணலாம் என்பதே பொருள், உண்டே தீர வேண்டும் என்பதன்று. ‘அறிவிக்கை செய்யப்பட்ட நோய்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது அதைவிடச் சிக்கலானது. அறிவிக்கை என்பது அரசு தன் அரசிதழில் வெளியிடுவது. அது மேலிருந்து கீழே வருகிறது. நாம் பேசும் கடமையோ கீழிருந்து மேலே போகிறது: மாட்டுக்காரர் ஊர் அலுவலரிடமும், அவர் கால்நடை மருத்துவரிடமும், மருத்துவர் மாவட்டத்துக்கும், மாநிலம் நடுவண் அரசுக்கும், நடுவண் அரசு பாரிசில் உள்ள உலக விலங்கு உடல்நல அமைப்புக்கும் சொல்ல வேண்டும். ‘அறிவிக்கை செய்யப்பட்ட நோய்’ என்று கையேட்டில் படிப்பவர், அரசுதான் ஏற்கெனவே அறிவித்துவிட்டதே, நமக்கென்ன வேலை என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல இயலாது. கன்னடத்திலும் இதே குழப்பத்துக்கு இடமுண்டு. ‘அதிசூசனெ’ என்றாலே அரசாணைதான் நினைவுக்கு வரும். 2022-இல் கர்நாடக அரசு மனிதருக்கு வரும் வெறிநோயை இந்த வகையில் சேர்த்தபோது, அரசிதழில் ஆணை வந்ததைப் பேசிய அளவுக்கு, அந்த ஆணையால் மருத்துவமனைகள் இனிச் செய்ய வேண்டியது என்ன என்பதை நம் மொழிபெயர்ப்புகள் பேசவில்லை என்பது என் கருத்து.

இக்கடமை பன்னாட்டு அளவில் எவ்வாறு உருவாயிற்று என்று பார்த்தால், சொல்லுக்குள் எது இடம்பெற வேண்டும் என்பது விளங்கும். 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் சென்ற திமில் மாடுகள் இடைவழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றோடு வெக்கை நோயும் கரையிறங்கியது. மறு ஆண்டே பாரிசில் மாநாடு கூடிற்று. 1924 சனவரி 25 அன்று 28 நாடுகள் கையெழுத்திட்டு, இன்று உலக விலங்கு உடல்நல அமைப்பு என்று வழங்கும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. ஐக்கிய நாடுகள் அவைக்கு அது 21 ஆண்டு மூத்தது. இன்று அதில் 183 உறுப்பினர்கள் உள்ளனர். பட்டியலில் உள்ள நோய் ஒன்று ஒரு நாட்டில் முதன்முறையாகத் தலைகாட்டினாலோ, ஒழிந்த நோய் திரும்பி வந்தாலோ, வழக்கமில்லாத விலங்கினத்தில் தென்பட்டாலோ, 24 மணி நேரத்துக்குள் அந்நாடு அதற்குத் தெரிவிக்க வேண்டும். மனிதர் பக்கத்திலும் இதை ஒத்த ஏற்பாடு உண்டு. 2002 இறுதியில் தென்சீனத்தில் தொடங்கிய சார்ஸ் பற்றிய செய்தி உலகை எட்டுவதற்குள் மாதங்கள் கடந்துவிட்டன. அந்தப் பட்டறிவோடுதான் உலக நலவாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டு நலவாழ்வு விதிகள் 2005-இல் திருத்தப்பட்டன. பறவைகளில் புதுவகைச் சளிக்காய்ச்சல் கண்டால் பாரிசுக்கும், அதே நச்சுயிரி ஒரு மனிதரிடம் கண்டால் உலக நலவாழ்வு நிறுவனம் இருக்கும் செனீவாவுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு வாயில்களுக்கும் ஒரே தமிழ்ச் சொல் பொருந்த வேண்டும்.

பாரிஸ் அமைப்பின் ஆட்சிமொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, எசுப்பானியம் ஆகிய மூன்று. பிரெஞ்சிலும் எசுப்பானியத்திலும் இவ்வகை நோய்க்கு வழங்கும் பெயர் ‘கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டியது’ என்ற பொருளை வெளிப்படையாகவே தருகிறது. ஆங்கிலத்தில்தான் கட்டாயம் ஒரு விகுதிக்குள் ஒளிந்துகொண்டது. நாம் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியதால் அது நம்மிடம் வந்து சேரவேயில்லை.

ஆகவே என் முன்மொழிவு ‘தெரிவிப்புக்குரிய நோய்’. அறிவித்தல் என்றால் ஊருக்குச் சொல்வது. தெரிவித்தல் என்றால் உரியவருக்குச் சொல்வது. ‘முகவரி மாறினால் அலுவலகத்தில் தெரிவிக்கவும்’ என்றுதான் எழுதுகிறோம், ‘அறிவிக்கவும்’ என்று எழுதுவதில்லை. ‘உரிய’ என்பதோ தண்டனைக்குரிய குற்றம், வரிவிதிப்புக்குரிய வருமானம் என்று சட்டத்தமிழில் கடப்பாட்டுப் பொருளில் ஏற்கெனவே ஊன்றியிருக்கிறது. குழுவினர் தங்கள் கருத்தைக் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி (ஹெப்பாலிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர்)

தம்பிக்கு வணக்கம். பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சொல் பிழையற்றதுதான். ஆனால் தெரிவிக்க வேண்டியது நோய்தானா என்று எனக்கு ஐயம் இருக்கிறது. அடைப்பானையே (ஆந்த்ராக்ஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின மாலை வரை கறந்த மாடு விடியலில் வயிறு உப்பிச் செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் கசியும். அந்த உடலை அறுக்கவே கூடாது. அறுத்தால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர் காற்றுப் பட்டு வித்துகளாக மாறி, அந்த மண்ணில் பல்லாண்டு கிடந்து, மேய வரும் அடுத்த மாட்டைப் பிடிக்கும். நாங்கள் காது இரத்தக்குழாயில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இழுத்துக்கொண்டு, கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் துளைகளை அடைத்து, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கச் சொல்வோம். இதற்குள் தோலுக்கும் இறைச்சிக்கும் விலை பேச ஆள் வந்து நிற்பார். மாட்டுக்காரர் எங்களைக் கூப்பிடுவதா, அவரிடம் விற்பதா என்று முடிவெடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், அவருக்கு நோயின் பெயர் தெரியாது. அவர் கண்டது ஒரு சாவு. இரத்தம் கசிந்த ஒரு மூக்கு. அவ்வளவே.

குரங்குக் காய்ச்சலையும் நினைத்துப் பாருங்கள். 1957-இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்ததை ஊரார் சொன்னதால்தான் உண்ணி பரப்பும் அந்த நச்சுயிரி வெளிச்சத்துக்கு வந்தது. மலைநாட்டில் இன்றும் அதை ‘மங்கன காயிலெ’ என்றே அழைக்கிறார்கள். செத்த குரங்குக்கு உடைமையாளர் யார்? தெரிவிக்கும் கடமை யாருடையது? சொல்லை முடிவு செய்யும்போது இதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இன்னொன்று. பாரிஸ் அமைப்பே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்துக்கும் அட்டவணை இருக்கிறது. ‘பட்டியல் நோய்’ என்று சுருக்கமாக முடித்துவிடலாமே?

மறுமொழி (அல்சூரிலிருந்து ஒரு வழக்கறிஞர்)

வணக்கம். சுருக்கமாக எழுதுகிறேன்.

விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தேன். முன்மொழிந்தவர் சொல்லும் மேல்கீழ் வேறுபாடு அதில் தெளிவாகவே இருக்கிறது. 4-ஆம் பிரிவு உடைமையாளரின் கடமையைச் சொல்லும் இடம். அங்கு ‘ரிப்போர்ட்’ என்ற சொல்தான் உள்ளது. 6-ஆம் பிரிவில் மாநில அரசு ஒரு வட்டாரத்தைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக ஆக்கும்போதுதான் ‘நோட்டிஃபிகேஷன்’ வருகிறது. எனவே முன்னதற்குத் தெரிவிப்பு, பின்னதற்கு அறிவிக்கை என்று பிரித்துக்கொள்வதற்குச் சட்டமே துணை நிற்கிறது. மருத்துவர் ஐயாவின் வினாவுக்கும் அங்கே ஓரளவு விடை உண்டு: கடமை உடைமையாளரோடு நிற்பதில்லை, விலங்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் பிறருக்கும் பொது அமைப்புகளுக்கும் ஊராட்சிக்கும் உண்டு.

‘உரிய’ என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். ‘தண்டனைக்குரிய’ என்பதோடு ஒலி ஒத்திருப்பதால், நோய் வந்ததே குற்றம் என்ற நினைப்பு வந்துவிடுமோ? ‘தெரிவிக்க வேண்டிய நோய்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன?

முன்மொழிந்தவரின் பதில்

மருத்துவர் ஐயா அவர்களுக்கும் வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கும் நன்றி.

முதலில் ‘பட்டியல் நோய்’ பற்றி. அதை ஏற்க இயலாமைக்குக் காரணம் அதன் நீளமோ ஓசையோ அல்ல. பாரிஸ் அமைப்பின் விதித்தொகுப்பு பட்டியலில் உள்ளவற்றோடு, புதிதாக முளைக்கும் நோயையும் தெரிவிக்கச் சொல்கிறது. பெயரே இல்லாத நோய் எந்தப் பட்டியலிலும் இருக்க முடியாது. மலேசியாவில் 1998-இல் பன்றிப் பண்ணையாளர்கள் மூளைக்காய்ச்சலால் மடியத் தொடங்கியபோது அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு ஒழிப்பிலும் தடுப்பூசியிலும் இறங்கினார்கள். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த புதிய நச்சுயிரி அது என்று தெரிய மாதங்கள் ஆயின. அந்த நோய்ப்பரவலில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்துபோயினர். ஏறத்தாழ பத்து இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயர் அந்த நச்சுயிரிக்கு வந்தது அதன் பிறகுதான். 2018-இல் கோழிக்கோட்டில் அது வந்தபோது நம்மிடம் பெயர் இருந்தது, பட்டியல் இருந்தது. மலேசியரிடம் அன்று இருந்தவை இருமும் பன்றியும் மயங்கும் ஆளும் மட்டுமே. ஆகையால் பட்டியல் நோய், அட்டவணை நோய் என்பவற்றை முறையே பாரிஸ் பட்டியலுக்கும் நம் சட்ட அட்டவணைக்கும் ஒதுக்கி வைத்துவிட்டு, இவ்விரண்டையும் அடக்கிய பொதுச்சொல்லாகத் தெரிவிப்புக்குரிய நோய் என்பதை வைக்கலாம்.

மருத்துவர் ஐயா காட்டிய குறை உண்மையானது. மாட்டுக்காரர் காண்பது நோயை அன்று என்பதால், கையேட்டின் அடைப்பான் பக்கத்தில் ‘தெரிவிப்புக்குரிய அறிகுறி’ என்று தனித் தலைப்பு இட்டு, அதன் கீழ் திடீர்ச் சாவு, உறையாத இரத்தம், உப்பிய வயிறு என்று எழுதிவிட்டோம். இப்படி ஒட்டிக்கொள்ள இடம் தருவதே இந்தச் சொல்லின் நன்மை என்று எண்ணுகிறேன். தெரிவிப்புக்குரிய சாவு என்று காட்டுக் குரங்குக்கும் சொல்லலாம். ‘அறிவிக்கை’யை இப்படி எந்தப் பெயருக்கு முன்னாலும் கொண்டு நிறுத்த முடியவில்லை, ‘அறிவிக்கை செய்யப்பட்ட சாவு’ என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது.

அம்மா அவர்களின் தயக்கத்தை எளிதில் தள்ள முடியாது, ஏனெனில் நோயைச் சொல்லாமல் மறைப்பதற்கு அச்சம்தான் முதற்காரணம், அதுவும் மாட்டுக்காரருக்கு மட்டுமன்று. கோமாரி இருப்பதாகச் சொன்ன நாட்டின் இறைச்சியை வாங்க மற்ற நாடுகள் தயங்கும்; கோழிக்காய்ச்சல் என்று சொன்ன நாளே முட்டை ஏற்றுமதி முடங்கும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் நம் நாட்டின் முதல் எச்5என்1 கோழிக்காய்ச்சல் வெளிப்பட்டபோது, நோய் தொடாத ஊர்களிலும் கோழி வாங்க ஆளில்லை. நேர்மையாகச் சொன்னவருக்கு இழப்பு, மறைத்தவருக்கு வணிகம் என்றானால் 24 மணி நேர விதி ஏட்டில்தான் இருக்கும். பன்னாட்டு விதிகள் இதை ஓரளவு உணர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன. காட்டுப் பறவையிடம் நோய் கண்டதாக ஒரு நாடு தெரிவித்தால், அதைக் காரணம் காட்டி அந்நாட்டுப் பண்ணைக் கோழி வணிகத்துக்குப் பிற நாடுகள் தடை விதிக்கக் கூடாது என்று பாரிஸ் விதித்தொகுப்பு சொல்கிறது. 1995 முதல் நடப்பில் உள்ள உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையும், விலங்கு நோயைக் காட்டி விதிக்கப்படும் தடைகளை உரசிப் பார்க்க இதே அமைப்பின் அளவைகளைத்தான் கொண்டிருக்கிறது.

இதை மனத்தில் வைத்து இரு வழக்குகளைப் பரிந்துரைக்கிறேன். சட்ட உரை, அகராதி, பாடநூல் ஆகியவற்றில் ‘தெரிவிப்புக்குரிய நோய்’. பால் கூட்டுறவுச் சங்கத்தின் சுவரில் ஒட்டும் தாளில் ‘உடனே சொல்ல வேண்டிய நோய்’. அம்மா சொன்ன ‘தெரிவிக்க வேண்டிய’ என்பது இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் பிழையில்லை, ஆனால் பெயர்ச்சொல்லாக்கிக் கிளைச்சொற்களை வளர்க்க முயன்றால் அது இடம் கொடுப்பதில்லை. தெரிவிப்புக் கடமை, தெரிவிப்புக் காலம், உடனடித் தெரிவிப்பு, தெரிவிக்காமை என்று ‘தெரிவிப்புக்குரிய’ என்பதிலிருந்தோ எளிதாகக் கிளைக்கிறது.

அறிவிப்பு என்ற சொல்லையும் நாம் இழந்துவிடவில்லை. ஒரு நாடு தன்னிடம் குறிப்பிட்ட நோய் இல்லை என்று உலகுக்குச் சொல்வது உண்மையிலேயே ஊருக்குச் சொல்வதுதான். அதை ‘நோயின்மை அறிவிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். வெக்கை நோயை எடுத்துக்கொண்டால் இரண்டும் அடுத்தடுத்து நடந்தன. நம் நாட்டில் அது கடைசியாகக் காணப்பட்டது 1995-இல், தமிழ்நாட்டில். அதன் பிறகு தடுப்பூசியை நிறுத்திவிட்டு, எங்கேனும் தென்படுகிறதா என்று தேடி, இல்லை இல்லை என்று தொடர்ந்து தெரிவித்து, 2006-இல் நோய்த்தொற்று அற்ற நாடு என்ற ஏற்பைப் பெற்றோம். உலகம் முழுவதும் அது ஒழிந்துவிட்டதென்ற அறிவிப்பு 2011-இல் வந்தது.

இதில் ஒரு சொல் இன்னும் மீதி இருக்கிறது. நோய் எதுவும் இல்லாத வாரத்திலும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பும் அறிக்கையைக் களத்தில் ‘நில் ரிப்போர்ட்’ என்கிறார்கள். சுழியத் தெரிவிப்பு, இன்மைத் தெரிவிப்பு, வெற்றறிக்கை என்று மூன்று எழுதிப் பார்த்தோம். வெற்றறிக்கை என்றால் பயனற்ற அறிக்கை என்று படுகிறது. சுழியம் என்பது பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. என் சாய்வு ‘இன்மைத் தெரிவிப்பு’ பக்கம். மருத்துவர் ஐயா களத்தில் வேறு சொல் ஏதேனும் கேட்டிருந்தால், கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதியருள வேண்டுகிறேன்.