ரசிகன் கையை மிதிச்சாலும் பங்க்னு சொல்லி விட்டுடணுமா?

பின்வரிசை:
கொஞ்சம் கடுப்புலதான் எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரம் ஒரு பங்க் ராக் மியூசிக் ஷோ போனேன், பேண்ட் பேரு வேணாம். சின்ன ஹால், மேடையே முழங்கால் உயரம்தான், நடுவுல தடுப்பு எதுவும் இல்ல. ஆரம்பத்துலயே சிங்கர் முன்னாடி நின்ன ஒருத்தன் மூஞ்சில பீரைத் துப்புனாரு, சரி இதெல்லாம் சகஜம்னு எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான். அப்புறம் வீடியோ எடுத்துட்டிருந்த ஒரு பொண்ணோட போனைப் புடுங்கி ட்ரம்ஸ் பக்கம் வீசிட்டாரு. அதுக்கப்புறம் மேடை விளிம்புல கையை ஊனிக்கிட்டு வரிக்கு வரி கூடவே கத்திட்டிருந்த ஒரு சின்னப் பையனோட விரலை பூட்ஸால மிதிச்சாரு. தெரியாம பட்டதில்ல, குனிஞ்சு பாத்துட்டுதான் மிதிச்சாரு. பையன் வலில அந்தக் காலைப் புடிச்சு தள்ளிவிட்டான், அவ்ளோதான், ரெண்டு செக்யூரிட்டி ஓடிவந்து பையனை காலரோட தூக்கி வெளிய போட்டாங்க. சிங்கர் மைக்ல அதுக்கு ஒரு நக்கல் வேற, கூட்டம் கைதட்டுது.

கூட வந்தவன்கிட்ட சொன்னா 'பங்க்னா அப்படித்தான், பூப்போட்டு கூப்புடுவாங்கன்னு நெனச்சியா'ங்கிறான். இது நெசமாவே பங்க்ல இருக்கிற வழக்கமா, இல்ல இவனுங்க அந்தப் பேரைச் சொல்லி தப்பிச்சுக்கிறானுங்களா? பழைய ஆளுங்க யாராவது சொல்லுங்க.

பழைய கேசட்:
உங்க ஃப்ரெண்டு சொல்றது பாதி வரலாறு, அதான் பிரச்சனையே.

1978 ஜனவரில செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கிற இங்கிலாந்து பங்க் பேண்ட் அமெரிக்கா டூர் போனப்ப சான் அன்டோனியோல அவங்க பேஸ் வாசிக்கிற சிட் விஷியஸ் கிட்டாரைக் கழட்டி கூட்டத்துல ஒருத்தன் மேல வீசி அடிச்சாரு. இன்னிக்கும் அந்த போட்டோவ ஏதோ வீரச்செயல் மாதிரி ஷேர் பண்றாங்க. ஆனா அன்னிக்கு கூட்டத்துலேருந்து கேன் கேனா பறந்துச்சு, ரெண்டு பக்கமும் சண்டைக்கு ரெடியாத்தான் வந்திருந்தாங்க. இங்கிலாந்துல அந்தக் காலத்துல ரசிகருங்க பேண்ட் மேல துப்புறதே ஒரு பழக்கமா இருந்துச்சு, க்ளாஷ் பேண்ட் சிங்கர் ஜோ ஸ்ட்ரம்மருக்கு ஹெபடைட்டிஸ், அதான் கல்லீரல் நோய், வந்ததே அதனாலதான்னு பல பேரு சொல்லுவாங்க. ஆக ஆரம்பத்துல அடியும் எச்சியும் மேலேருந்து கீழ மட்டும் வரல, கீழேருந்தும் நல்லாவே போச்சு.

அதுக்காக அதெல்லாம் அழகான காலம்னு சொல்ல வரல. 1976 செப்டம்பர்ல லண்டன் 100 கிளப் பங்க் ஃபெஸ்டிவல்ல யாரோ எறிஞ்ச கிளாஸ் தெறிச்சு ஒரு பொண்ணுக்கு ஒரு கண்ணுல பார்வையே போயிடுச்சு, சிட்டைத்தான் கைது பண்ணாங்க. கைதட்டி சிரிக்கிறவங்க யாரும் அந்தப் பொண்ணைப் பத்தி பேசுறதே இல்ல.

அடுத்து யாராவது அமெரிக்க பங்க் சிங்கர் ஜிஜி ஆலின் பேரை இழுப்பாங்க பாருங்க.

கறுப்பு சட்டை:
இழுக்கிறேன் ஜிஜி ஆலின் 😂 அவரு ஷோவுக்குப் போறவனுக்கு என்ன நடக்கும்னு தெரிஞ்சுதானே போனான், மலத்தை எறிவாரு, குத்துவாரு, எல்லாம் தெரிஞ்சே டிக்கெட் எடுத்தாங்க. பயமே இல்லாத ஷோ வேணும்னா வேற மியூசிக் நெறய இருக்கு ப்ரோ.

பழைய கேசட்:
@கறுப்பு சட்டை சொன்னேன்ல. அந்தாளு ஒரு பொண்ணைத் தாக்குன கேஸ்ல மிச்சிகன்ல ஜெயில்ல இருந்தாரு, 1993ல ஹெராயின் ஓவர்டோஸ்ல போய்ச் சேந்தாரு. அவரு அடிச்சப்ப கூட்டமும் திருப்பி அடிச்சது, அதுக்கும் அவரு நின்னாரு. பின்வரிசை சொல்ற ஆளு செக்யூரிட்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு மிதிக்கிறாரு. இது ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

மூணு கார்டு:
நான் பேஸ் வாசிக்கிறவன், அதனால மேடைப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிடுறேன். லைட்டு கண்ணுல அடிக்கும், கீழ யாரு என்னன்னு தெரியாது, திடீர்னு ஒருத்தன் பின்னாடிலேருந்து வந்து கழுத்துல கை போட்டா உடம்பு தானா உதறும். 2014ல சிட்னில நோஃபெக்ஸ் பேண்ட் சிங்கர் ஃபேட் மைக் பண்ணது அப்படித்தான் ஆரம்பிச்சுது, மேடை ஏறுன ரசிகன் ஒருத்தன் பின்னாடிலேருந்து கட்டிப்புடிச்சான், இவரு உதறித் தள்ளிட்டு கீழ விழுந்தவன் மூஞ்சிலயே உதைச்சாரு. உதறுனது வரைக்கும் எனக்குப் புரியுது. விழுந்தவனை உதைச்சது புரியல. அவரே அப்புறம் மன்னிப்பு கேட்டாரு. ரசிகருங்களும் ஒண்ணும் சாதுங்க இல்ல, டெட் கென்னடிஸ் பேண்டோட பழைய சிங்கர் ஜெல்லோ பியாஃப்ராவை 1994ல கலிஃபோர்னியாவுல கில்மன்ங்கிற பங்க் கிளப்ல கூட்டத்துல இருந்தவனுங்களே அடிச்சு காலை ஒடிச்சானுங்க, அதுவும் சண்டை போடக்கூடாதுன்னு ரூல்ஸ் எழுதிப் போட்டு நடத்துற எடத்துல.

ஆனா நீங்க சொல்றதுல பதட்டமே இல்லையே நண்பா. கை விளிம்புல இருக்கு, குனிஞ்சு பாக்குறாரு, மிதிக்கிறாரு. அதுக்கு மேடை லைட்டைக் காரணம் சொல்ல முடியாது.

ஓரமா நிக்கிறவ:
போனைப் புடுங்குனதை யாருமே பேசல பாத்தீங்களா. நான் கவனிச்ச வரைக்கும் இந்த மாதிரி சிங்கருங்க ஆறடி ஆளு மேல கைய வைக்கவே மாட்டாங்க, சின்னப் பசங்க, தனியா வந்த பொண்ணுங்க, இவங்கதான் 'வெறி'ல கண்ணுல படுவாங்க. ஆளைப் பாத்து வர்ற வெறி. பிகினி கில் பேண்ட் ஷோல பொண்ணுங்களை முன்வரிசைக்கு வரச்சொல்லி அவங்க சிங்கர் கேத்லீன் ஹன்னா மைக்ல கூப்பிட்டதும் பங்க்தான், அதை மட்டும் யாரும் 'அப்படித்தான்'னு உதாரணம் காட்ட மாட்டேங்கிறாங்க.

சவுண்ட் டெஸ்க்:
சின்ன ஹால்ல சவுண்ட் பாக்குற வேலை எனக்கு. ஃபுகாசிங்கிற அமெரிக்க பேண்டைப் பத்தி யாரும் சொல்லாததால சொல்றேன். அவங்க ஷோல யாராவது கூட்டத்துல அடுத்தவனை இடிச்சு காயப்படுத்துனா பாட்டைப் பாதில நிறுத்திடுவாங்க, அவங்க சிங்கர் இயன் மெக்காய் மரியாதையா 'சார்'னு கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுவாரு, கேக்கலைன்னா கவர்ல டிக்கெட் காசு 5 டாலரைப் போட்டுக் குடுத்து வெளிய அனுப்பிடுவாங்க. ஒரு தடவை பெரிய ரவுடி மாதிரி ஆடிட்டிருந்தவனை அவங்க இன்னொரு சிங்கர் கய் பிச்சோட்டோ 'உன்னை முன்னாடியே வண்டி பக்கத்துல ஐஸ்க்ரீம் திங்கிறப்ப பாத்தேன்'னு மைக்லயே போட்டு கிழிச்சாரு, வீடியோ கெடைக்கும், பாருங்க. மைக் யாரு கைல இருக்கோ அந்த ரூம் அவங்க பேச்சைக் கேக்கும், டெஸ்க்ல நின்னு பாக்குறவனுக்கு இது நல்லாவே தெரியும். அதை வச்சு கீழ நிக்கிறவனைக் காப்பாத்தவும் செய்யலாம், உங்க ஆளு மாதிரி மிதிச்சிட்டு நக்கலும் அடிக்கலாம்.

இனி காரியத்துக்கு வர்றேன். மாஷ் பிட்ல, அதான் மேடை முன்னாடி கூட்டம் இடிச்சு ஆடுற எடத்துல, இடிபடுறதுக்கு சம்மதிச்சுதான் உள்ள போறோம், அது வேற, வேணும்னே மிதிக்கிறதுக்கு யாரும் சம்மதிக்கல. ஹால்காரங்க 'ஆர்ட்டிஸ்ட் பண்ணதுக்கு நாங்க என்ன பண்றது'ன்னு கை விரிப்பாங்க. விடாதீங்க. லாம்ப் ஆஃப் காட் பேண்ட் கேஸ் ஞாபகம் இருக்கா, அவங்க வாசிக்கிறது மெட்டல்தான், ஆனா விஷயம் இதேதான். 2010ல ப்ராக்ல மேடை ஏறுன ஒரு ரசிகன் கீழ விழுந்து தலைல அடிபட்டு அப்புறம் செத்துட்டான், சிங்கர் ரேண்டி ப்ளைத்தான் தள்ளுனாருன்னு 2012ல கைது, 2013ல கோர்ட்டு விடுதலை பண்ணுச்சு. ஆனா அவருக்கு தார்மீகப் பொறுப்பு இருக்குன்னும் சொல்லுச்சு, ஷோ நடத்துனவங்க, செக்யூரிட்டி பக்கமும் தப்பு இருக்குன்னு சொல்லுச்சு. செக்யூரிட்டியை வேலைக்கு வச்சது ஹாலா, ஷோவை ஏற்பாடு பண்ண ப்ரமோட்டரா, அதை முதல்ல கேளுங்க.

கறுப்பு சட்டை:
பங்க் ஷோ பாத்துட்டு கம்ப்ளெய்ன்ட் லெட்டரா, செம ரிபெல்யன் 😂

ஓரமா நிக்கிறவ:
@கறுப்பு சட்டை அதிகாரத்தை எதிர்த்து பாடுறவன் செக்யூரிட்டியை வச்சு பையனைத் தூக்கி வெளிய போட்டாரே, அந்த ரிபெல்யனுக்கு சிரிப்பு வரலையா உனக்கு?

பின்வரிசை:
எல்லாருக்கும் தேங்க்ஸ். போன் போன பொண்ணை கமெண்ட்ல தேடிப் புடிச்சிட்டேன், ஸ்க்ரீன் மொத்தமா நொறுங்கிடுச்சாம், ஆனா எடுத்த வீடியோ உள்ளயே இருக்காம், புடுங்க வர்ற கை வரைக்கும் பதிவாயிருக்காம். பையனைத்தான் இன்னும் கண்டுபுடிக்கல. ஹாலுக்கு மெயில் போட்டேன், சவுண்ட் டெஸ்க் சொன்ன மாதிரியே 'கலைஞரின் நிகழ்ச்சி'ன்னு ஒரு வரில பதில் வந்துச்சு. செக்யூரிட்டி யாரு ஆளுங்கன்னு கேட்டு திரும்பப் போட்டிருக்கேன், இன்னும் பதில் இல்ல.

சவுண்ட் டெஸ்க்:
வீடியோவை அழியாம ரெண்டு எடத்துல காப்பி வைக்கச் சொல்லுங்க, எடிட் பண்ணாம. ப்ரமோட்டருக்கும் தனியா ஒரு மெயில் போடுங்க, ஹாலுக்கு அனுப்புனதை அதுல சேத்து. அவங்களுக்கு அடுத்த மாசம் வேற பேண்ட் புக் பண்ணணும், அதனால ஹாலை விட சீக்கிரம் பதில் சொல்லுவாங்க.