மறு: ‘ஓக்கி’ – ‘மரச்சுவை’ சரிவருமா?

> ஒயின் சுவைக் குறிப்புகளில் வரும் ‘ஓக்கி’க்கு ‘மரச்சுவை’ என்று போட்டிருக்கிறேன். ‘கருவாலிச் சுவை’ என்றால் யாருக்கும் புரியாது. குழுவினர் கருத்து என்ன?

நண்பருக்கு வணக்கம்.

கருவாலி என்ற தமிழ்ப் பெயரை விட்டதில் எனக்கும் உடன்பாடே. ஒயின் பீப்பாய் செய்யும் அந்த மரத்துக்கு ‘ஓக்’ என்றே இருக்கட்டும். ‘ஓக்கி’ என்பது அந்தப் பீப்பாய் ஒயினுக்குத் தரும் தன்மை. ஆனால் ‘மரச்சுவை’ இரண்டு இடத்தில் உதைக்கிறது.

முதலில் ‘சுவை’. ஓக் தருவதில் பெரும்பங்கு மூக்குக்குத்தான். ஸ்பெயினின் ரியோஹா சிவப்பு ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். தெம்பிரானிய்யோ திராட்சை, அமெரிக்க ஓக்கில் செய்த 225 லிட்டர் பீப்பாய்: இதுதான் அங்கே பழைய வழக்கம். (இப்போது பிரெஞ்சு ஓக்கும் நிறையப் புழங்குகிறது.) கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதுமே துருவிய தேங்காய், வெனிலா, பின்னாலேயே லேசாகக் கிராம்பு. கிராம்பு என்பது வெறும் வர்ணனை அல்ல. கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால் என்ற அதே வேதிப்பொருள் ஓக்கிலும் இருக்கிறது. தேங்காய் வாசம் லாக்டோன் என்ற இன்னொரு வேதிப்பொருள் வகையின் வேலை; அது அமெரிக்க ஓக்கில் கூடுதல்.

நாக்கிலும் ஈறிலும் பிடிக்கிற துவர்ப்போ பெரும்பாலும் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. ஓக்கும் கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவுதான். ‘சுவை’ என்று போட்டால் அந்தத் துவர்ப்பு முழுவதும் ஓக்கின் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்து ‘மரம்’. பீப்பாய்க்கான பலகைகளை இரண்டு மூன்று ஆண்டு வெட்டவெளியில் மழைக்கும் வெயிலுக்கும் விட்டுப் பதப்படுத்துவார்கள். சரியாகப் பதப்படாவிட்டால் ஒயினில் பச்சைப் பலகை வாடை அடிக்கும். அது குறை. ‘மரச்சுவை’ என்றதும் வாசகருக்கு அதுதான் தோன்றும். அந்தக் குறைக்குப் ‘பலகைவாடை’ என்று தனியே வைத்துக்கொண்டு, ‘ஓக்கி’க்குப் ‘பீப்பாய்மணம்’ என்று போடலாம் என்பது என் பரிந்துரை. மரத்தின் மணம், நெருப்பு கூட்டிய மணம் இரண்டும் அதற்குள் அடங்கும்.

நெருப்பு என்றதும் ‘டோஸ்ட்’, அதாவது பீப்பாயின் உட்புறத்தை அனலில் காட்டுவது. இதற்கு இழையில் ஒருவர் ‘வறுவல்’ என்றிருந்தார். எனக்கு வாழைக்காய்தான் கண்முன் வருகிறது! ‘வாட்டு’ இருக்கிறதே. மூங்கிலை அனலில் வாட்டி வளைப்பதுபோலத்தான் பீப்பாய்ப் பலகையையும் வளைக்கிறார்கள். வளைந்த பிறகும் உட்புறத்தைத் தொடர்ந்து வாட்டுவார்கள். வெனிலாவும் புகைமணமும் அதில்தான் கூடுகின்றன. இளவாட்டு, நடுவாட்டு, கடுவாட்டு என்று வாட்டும் அளவு மூன்றுக்கும் சொல் கிடைத்துவிடுகிறது.

‘முதிர்வு’ பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் முதிர்வு போதாது. பீப்பாய் முதிர்வு, புட்டி முதிர்வு என்று பிரித்தாக வேண்டும். ரியோஹா விதியே பிரித்துத்தான் பேசுகிறது: மிக நீண்ட முதிர்வு கேட்கும் ‘கிரான் ரெசர்வா’ வகைச் சிவப்பு ஒயினுக்குக் குறைந்தது மொத்தம் 5 ஆண்டு, அதில் குறைந்தது 2 ஆண்டு பீப்பாய், 2 ஆண்டு புட்டி.

பீப்பாய் முதிர்வு அதிகமென்றால் பீப்பாய்மணமும் அதிகம் என்று எழுதிவிட வேண்டாம். ரியோஹாவின் ஹாரோ ஊரில் 1877இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா நிறுவனம் ஒயினை விதி கேட்பதைவிடப் பல ஆண்டு கூடுதலாகப் பீப்பாயில் வைக்கிறது. பீப்பாய்களும் அவர்கள் பட்டறையிலேயே செய்பவை. ஆனால் பழகிய பழைய பீப்பாய்கள் என்பதால் வெனிலா முந்திக்கொண்டு வராது. உலர்பழ வாசமும் பதனிட்ட தோலின் வாசமும்தான் முன்னே நிற்கும். புதுப் பீப்பாயில் ஓராண்டு கிடந்த ஒயின் இதைவிட உரக்கப் பேசும்.

உங்கள் குறிப்பை இப்படி மாற்றிப் பாருங்கள்: “நடுவாட்டுப் பீப்பாய். பீப்பாய்மணம் தூக்கல்: தேங்காய், வெனிலா, கிராம்பு. அடியில் செர்ரி. துவர்ப்பு மிதம், ஈறில் சற்றே பிடிக்கிறது.”

விழுங்கிய பின்னும் வாயில் நிற்கும் சுவையான ‘ஃபினிஷ்’ஷுக்கு நீங்கள் போட்ட ‘முடிவு’ எனக்கு ஒப்பவில்லை. அதைத் தனி இழையில் பேசுவோம்.