ஸ்பீடு லாக்கை எடுத்தா 45ல போகுதாம், எடுக்கலாமா வேண்டாமா?

கோட்டையூர்_தம்பி:
அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம். லைசென்ஸ் வேணாம் நம்பர் பிளேட் வேணாம்னு சொல்லி போன மாசம் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குனேன். காரைக்குடில கல்லுக்கட்டி பக்கம் கடைல வேலை, போக வர பதினஞ்சு கிலோமீட்டர் வரும். வேகத்தைக் கட்டுப்படுத்த ஸ்பீடு லாக் போட்டிருக்காக, வண்டி மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல நகர மாட்டேங்குது. வித்த கடைலயே ஐநூறு ரூவா குடுங்க தம்பி லாக்கை எடுத்து விட்டுர்றோம், 45 போகும்ங்கிறாக. பஸ்ஸுக்காரன் பின்னாடியே ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்றப்ப வயித்தக் கலக்குது, எடுத்துரலாம்னுதான் தோணுது. அப்பா வேண்டவே வேண்டாங்கிறாக. எடுத்தவுக யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

வெரசா_போ:
எடுத்துரு தம்பி. நான் எடுத்து ஏழு மாசமாச்சு, நிம்மதியா இருக்கேன். 25ல போறதுதான் ஆபத்து, இதை யாரும் சொல்ல மாட்டேங்குறாக. ரோட்ல எல்லாரும் 50, 60ல வர்றான், நீ மட்டும் 25ல போனா ஒவ்வொருத்தனும் உன்னைத் தாண்டித்தான் போகணும், ஒவ்வொரு தடவையும் உரசுறாப்ல போறான், நீ ஒதுங்கி ஒதுங்கி தார் ரோட்டை விட்டு செம்மண்ல எறங்குவ, அங்க அரை அடி பள்ளம் இருக்கும், சக்கரம் எறங்குனா திரும்ப ஏத்த முடியாம விழ வேண்டியதுதான். நான் ரெண்டு தடவை விழுந்துருக்கேன், ரெண்டும் லாக் இருந்தப்ப. எடுத்ததுக்கப்பறம் ஒரு தடவை கூட இல்ல.

முத்துப்பட்டணம்_மெக்கானிக்:
தம்பி அவசரப்படாதீக. பதினாறு வருசமா வண்டி வேலை பாக்குறேன், இப்ப பாதி வேலை எலக்ட்ரிக்தான். லைசென்ஸ் வேணாம்னு சொன்னது சும்மா வந்த சலுகை இல்ல, கண்டிஷனோட வந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 2(யு)னு ஒண்ணு இருக்கு. மோட்டார் பவர் 250 வாட்டுக்குக் கீழ, வேகம் 25க்குக் கீழ, பேட்டரி இல்லாம எடை 60 கிலோவுக்குள்ள, ஒழுங்கான பிரேக், முன்னாடி வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர், டெஸ்டிங் ஏஜென்சி சர்டிபிகேட். இத்தனையும் இருந்தாத்தான் சட்டப்படி அது மோட்டார் வண்டியே இல்ல, சைக்கிள் மாதிரி. நீங்க அந்த லாக்கை எடுத்த நிமிஷமே அது மோட்டார் வண்டி ஆயிரும். அப்ப ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி. மாத்திக் கட்டுனதுக்கே மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ செக்சன்ல ஒவ்வொரு மாறுதலுக்கும் 5000 ரூவா அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ போடலாம், ரெண்டும் சேத்தும் போடலாம். ஐநூறு ரூவா வாங்குற கடைக்காரரு அப்ப வந்து நிக்க மாட்டாரு.

வெரசா_போ:
அண்ணே ஏழு மாசத்துல ஒரு போலீஸ் கூட என்னை நிப்பாட்டுனது இல்ல.

முத்துப்பட்டணம்_மெக்கானிக்:
போலீஸை விடுங்க. யாரையாச்சும் இடிச்சுட்டா? கோர்ட்ல நஷ்ட ஈடு போட்டா இன்சூரன்ஸ் கம்பெனின்னு ஒண்ணு நடுவுல கிடையாது, முழுசும் நீங்கதான் கட்டணும், வீட்டை வித்தாச்சும். அதோட வண்டியப் பாருங்க. 25ல போறப்ப ஒரு செகண்டுக்கு ஏழு மீட்டர் போகுது, 45ல பன்னெண்டரை மீட்டர். நிப்பாட்டுறதுக்கு பிரேக் தாங்க வேண்டிய சக்தி ரெண்டு மடங்கோட நிக்காது, மூணு மடங்குக்கும் மேல போயிரும், ஏன்னா அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். உங்க வண்டில இருக்குறது சின்ன ட்ரம் பிரேக்கு, 25க்குன்னு போட்டது. மோட்டாருக்குப் போற கரண்டைக் கட்டுப்படுத்துற கன்ட்ரோலரும் மோட்டாரும் சூடாகும், பேட்டரி அதிக கரண்ட் குடுத்துக் குடுத்து சீக்கிரம் செத்துரும், ஒரு சார்ஜுக்கு ஓடுற தூரமும் கொறஞ்சுரும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதான் சிக்ரி, இருக்குற ஊரு நம்ம ஊரு, பேட்டரியப் பத்தி கேக்க ஆளா இல்ல? லாக் எடுத்துட்டு ரேஞ்சு கொடுக்கலன்னு என்கிட்ட வர்ற வண்டிய நான் தொடுறதே இல்ல.

கானாடுகாத்தான்_வீடு:
இதுல எழுதணும்னு நெனைக்கல, ஆனா வெரசா_போ எழுதுனதைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. எங்க அப்பத்தாவுக்கு 81 வயசு. எங்க தெருவைப் பாத்தவுகளுக்குத் தெரியும், நேர் தெரு, ரெண்டு பக்கமும் பெரிய வீடு, வாசப்படி எறங்குனா தெருதான். அறுபது வருசமா அப்பத்தா காதை வச்சுத்தான் தெருவைக் கடக்குறாக, கண்ணு சரியா தெரியாது, சத்தம் கேட்டா நிப்பாக, கேக்கலன்னா நடப்பாக. போன வருசம் மார்கழில காலைல கோலம் போட்டுட்டு எதிர் வீட்டுக்கு எறங்குனாக, ஒரு பையன் எலக்ட்ரிக் வண்டில வந்து இடிச்சுட்டான். ஒரு சத்தமும் இல்ல. இடுப்பு எலும்பு ஒடஞ்சு ஆப்பரேஷன், இன்னைக்கு வரைக்கும் வாக்கர் இல்லாம நடக்க முடியல. அந்தப் பையன் ஓடிப் போகல, அழுதுக்கிட்டு நின்னான், அவனும் சின்னப் பிள்ளைதான். 25ல வந்திருந்தா நிப்பாட்டிருப்பேன் ஆச்சின்னு அவன்தான் சொன்னான். லாக் எடுத்த வண்டி. அவுக வீட்டுல காசும் இல்ல, இன்சூரன்ஸும் இல்ல, நாங்க யார்கிட்டயும் கேக்கவும் இல்ல.

வெரசா_போ:
அக்கா மன்னிச்சுக்கங்க, படிச்சு மனசு கஷ்டமா இருக்கு. தெருவுக்குள்ள நான் வேகமா போறதே இல்ல, சத்தியமா. ஆனா ஒண்ணு கேக்குறேன், சத்தமில்லாதது 25லயும் இருக்குல்ல? அதே மார்கழி இருட்டுல 25ல வந்திருந்தாலும் அப்பத்தாவுக்குக் கேட்டிருக்காது. அதுக்கு வண்டில ஏதாச்சும் சத்தம் வைக்கணும்னு கேளுங்க, நானும் சேந்து கேக்குறேன். பெரிய ரோட்ல 25ங்கிறதுதான் எனக்கு ஒத்துக்க முடியல. டில்லில உக்காந்து விதி போட்டவுக நம்ம ரோட்ல ஒரு நாள் வந்து ஓட்டட்டும்.

முத்துப்பட்டணம்_மெக்கானிக்:
வேகம் வேணும்னா நம்பர் பிளேட் போட்ட எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குங்க, பச்சை போர்டு வெள்ளை எழுத்து, தாராளமா 50, 60 போகும், அந்த வேகத்துக்கு ஏத்த பிரேக்கும் டயரும் போட்டு வருது. காசு கூடதான், தெரியும். காசு இல்லாதவன் செத்தா பரவால்லையான்னு கேப்பீக, ஆனா லாக் எடுத்த வண்டியும் அதே காசு இல்லாதவனைத்தான் கொல்லுது.

டீச்சரம்மா_தேவகோட்டை:
ஸ்கூல் வாசல்ல நின்னு பாக்குறவ நான். எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க மூணு பேரா ஏறி வர்றாக இந்த வண்டில. கேட்டா "லைசென்ஸ் தேவையில்ல மிஸ்"னு பெத்தவுகளே சொல்றாக. உண்மைதான், 25 வண்டிக்கு லைசென்ஸ் இல்லங்கிறதுனால வயசும் இல்லாமப் போச்சு. ஆனா லாக் எடுத்த வண்டிய பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை ஓட்டி மாட்டுனா அதே மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ செக்சன்ல பெத்தவருக்கோ ஓனருக்கோ மூணு வருசம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூவா அபராதம். பேரண்ட்ஸ் மீட்டிங்ல இதைச் சொன்னப்ப பாதிப் பேருக்கு மொகமே மாறிருச்சு. பிளஸ் ஒன்ல அரசாங்கம் குடுக்குற சைக்கிளை வீட்டுல தொங்கவிட்டுட்டு இதுல வர்ற பிள்ளைங்களும் இருக்காக, அது எனக்குத் தனி வருத்தம்.

குன்றக்குடி_மிதிவண்டி:
வேகத்தைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீக, வெளிச்சத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல. எனக்கு 58 வயசு, தெனம் சாதா சைக்கிள்ல போறவன். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி பழனிக்கு நடந்து போறப்ப எங்க ஊர் வழியாத்தான் போகும், ராத்திரியும் விடியகாலைலயும் நூத்துக்கணக்கான சனம் ரோட்டோரமா நடக்கும். முதுகுல ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு நடக்குறவுகளை லைட் பட்ட ஒடனே தூரத்துலேருந்தே தெரியும். ஒட்டாதவுக பக்கத்துல வந்தாத்தான் தெரிவாக. சைக்கிளும் அதே கதைதான். நான் பின் மட்கார்டுல சிவப்பு ஸ்டிக்கர், ரெண்டு பெடல்லயும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிருக்கேன். பெடல் மேலயும் கீழயும் ஆடுறதுனால தூரத்துலேருந்தே சைக்கிள்னு புரிஞ்சுரும். தம்பி உங்களை பஸ்ஸு நெருக்குறதுக்கு பாதிக் காரணம் நீங்க இருக்குறது அவருக்கு லேட்டாத் தெரியுறதுதான். அப்பறம் ஓரத்தை ஒட்டியே போகாதீக, விளிம்புலேருந்து ஒரு மூணு அடி உள்ள தள்ளி, நேர் கோட்டுல போங்க. ஓரமா போனாத்தான் இடம் இருக்குன்னு உரசிக்கிட்டுப் போவான். ஹெல்மெட் சட்டப்படி இந்த வண்டிக்குக் கட்டாயம் இல்லன்னாலும் போடுங்க, தல தார்ல மோதுறதுக்கு 25 போதும்.

வெரசா_போ:
மூணு அடி உள்ள தள்ளிப் போறது சரிண்ணே, அதை ஒத்துக்குறேன். ஸ்டிக்கரும் ஒட்டிர்றேன்.

கோட்டையூர்_தம்பி:
எல்லாருக்கும் நன்றி. கானாடுகாத்தான் அக்கா எழுதுனதை அப்பாகிட்ட படிச்சுக் காமிச்சேன், ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சுப் போயி வண்டிச் சாவிய எடுத்து அவுக சட்டைப் பைல போட்டுக்கிட்டாக. லாக்கை எடுக்கலப்பான்னு சொல்லி வாங்கிக்கிட்டேன். மெக்கானிக் அண்ணே, பின் பிரேக் புடிச்சா கீச்சுனு சத்தம் வருது, ஞாயித்துக்கெழமை கொண்டாந்தா பாப்பீகளா?

முத்துப்பட்டணம்_மெக்கானிக்:
காலைல பத்து மணிக்குள்ள வாங்க தம்பி. பிரேக் ஷூ தேஞ்சிருக்கும். ரிஃப்ளெக்டரும் இருக்கான்னு பாத்துருவோம். வெரசா_போ, நீங்களும் வண்டியக் கொண்டாங்க, லாக்கைத் திருப்பிப் போட்டுத் தர்றேன், காசு வேணாம்.

வெரசா_போ:
லாக் வேணாண்ணே. பிரேக்கை மட்டும் பாத்துக் குடுங்க, வர்றேன்.

முத்துப்பட்டணம்_மெக்கானிக்:
லாக் எடுத்த வண்டிய தொட மாட்டேன்னு மேலயே எழுதிட்டேன். மனசு மாறுனா வாங்க.