ஓடிக்கொண்டிருந்த நிரலை என் கோட் ‘ஓடவில்லை’ என்று சொன்ன இரவு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் கணினியைப் பார்த்துக்கொள்கிறேன். தினமும் இரவு 9.30-க்குத் தரவுக் கோப்பை நகலெடுக்க பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். பில்லிங் திறந்திருந்தால் நகலெடுக்கக் கூடாது. அதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டாஸ்க்லிஸ்ட் கட்டளையை ஓட்டி, வருகிற பட்டியலில் பில்லிங் நிரலின் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். கடை 9 மணிக்கே மூடிவிடும் என்பதால் மாதக்கணக்கில் எந்தக் குறையும் தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தின இரவு நள்ளிரவு வரை வியாபாரம். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே 9.30-க்கு நகல் ஓடிவிட்டது. பண்டிகை முடிந்து வந்து பார்த்தால் வன்தட்டு போய்விட்டது. நகலைத் திறந்தால் கோப்பு பழுது என்கிறது. முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “தம்பி, பில் நகல் கட்டு எல்லாம் இருக்குது, போட்டுடலாம்” என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து தட்டினோம். அவர் திட்டியிருந்தால்கூட மனசு இவ்வளவு கனத்திருக்காது.

அப்புறம்தான் கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் டாஸ்க்லிஸ்டை நானே ஓட்டிப் பார்த்தேன். கடைப் பெயர், ஆண்டு, பதிப்பு எண் எல்லாம் சேர்த்து அந்த நிரலுக்கு 30 எழுத்துக்கு மேல் பெயர். பட்டியலில் அது பாதியில் நின்றிருந்தது. பென்சில் முனையை வைத்து எண்ணினேன்: சரியாக 25. அட்டவணை வடிவில் அதற்கு மேல் வெட்டிவிடுகிறது. முழுப் பெயரைத் தேடிய என் கோட் அதை ஒரு நாளும் கண்டுபிடித்ததே இல்லை. காற்புள்ளியால் பிரித்துத் தரும் சிஎஸ்வி வடிவில் கேட்டால் முழுப் பெயரும் வருகிறது.

இப்போது, ஓடும் நிரல்களின் விவரத்தைத் தரும் பிஎஸ்யூட்டில் என்ற பைத்தான் நூலகத்துக்கு மாறிவிட்டேன். பெயரோடு நிரல் இருக்கும் பாதையையும் ஒப்பிடுகிறேன். பட்டியல் எடுத்து விவரம் கேட்பதற்குள் ஏதாவது ஒரு நிரல் மூடிக்கொள்ளலாம், சிலவற்றின் விவரத்தைத் தர விண்டோஸ் மறுக்கலாம். இரண்டு பிழைகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உங்கள் கோடே நடுவில் விழுந்துவிடும்.

அப்படியும் பட்டியலை மட்டும் நான் நம்புவதில்லை. அது அந்த நொடியின் போட்டோ, அவ்வளவுதான். விண்டோஸே அந்தப் பட்டியல் எடுக்கும் செயற்கூற்றின் பெயரில் ‘ஸ்னாப்ஷாட்’ என்றுதான் வைத்திருக்கிறது. அதனால் நகலுக்கு முன் தரவுக் கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கிறேன். வேறு நிரல் அதைத் திறந்து வைத்திருந்தால் விண்டோஸ் பெரும்பாலும் விடாது. விடவில்லை என்றால் பத்து நிமிடம் கழித்து மறுபடி முயற்சி.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

அண்ணே, புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். லினக்ஸிலும் இதே கதைதான், அங்கே இன்னும் குறைவு: கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வைத்திருக்கும் நிரல் பெயர் 15 எழுத்தோடு முடிந்துவிடும். ஓடும் நிரலைப் பெயர் வைத்துத் தேடும் பிகிரெப் கட்டளை சாதாரணமாக அதில்தான் தேடும்.

சரி, நிரலைத் தொடங்கிய முழுக் கட்டளை வரியில் தேடலாம் என்று, ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையின் பட்டியலை, வரிகளில் சொல் தேடும் கிரெப்புக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் நிரல் ‘எப்போதும் ஓடிக்கொண்டே’ இருந்தது. சர்வர் செத்துக் கிடந்தாலும் ஓடுகிறது என்றே பதில். கடைசியில் பார்த்தால் கிரெப்பின் கட்டளை வரியிலும் அதே பெயர் இருக்கிறதே, தேடியவனே தேடலில் சிக்கியிருக்கிறான். நீங்கள் இல்லை என்று ஏமாந்தீர்கள், நான் இருக்கிறது என்று ஏமாந்தேன்.

பைத்தானில் எழுதிய நிரலைத் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். விண்டோஸ் பட்டியலில் உங்கள் கோப்பின் பெயர் வராது, வெறும் பைத்தான் என்று மட்டும் வரும். நாலு நிரல் ஓடினால் நாலு பைத்தான். எது யாருடையது என்று தெரிய கட்டளை வரியைத்தான் படிக்க வேண்டும்.