போர் தண்ணீரும் ஷாம்புவும்: கெமிஸ்ட்ரி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

அம்மாவுக்காகக் கேட்கிறேன். வீட்டில் போர் தண்ணீர்தான், பக்கெட்டெல்லாம் வெள்ளையாக உப்புப் படியும். எந்த ஷாம்பு போட்டாலும் காய்ந்தபின் முடி தேங்காய் நார்தான்.

சோப்பு இந்த உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். ஷாம்புவில் அழுக்கை நீக்கும் பொருளான சோடியம் லாரெத் சல்ஃபேட் அப்படி ஆவதில்லை. ஆனாலும் முடியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால், தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் நேராக அதில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைப் பிடித்து இழுக்கத்தான் ஷாம்புவில் ஈடிடிஏ (EDTA) என்ற வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். சாதாரண ஷாம்புவில் அது கொஞ்சம்தான் இருக்கும்.

ஈடிடிஏ அதிகமுள்ள கிலேட்டிங் ஷாம்புவை வாரம் ஒருமுறை போடலாமா? இல்லை, கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீரில் அலசினால் போதுமா? அம்மா மருதாணி போடுபவர், நிறம் இறங்குமா? சீயக்காய்க்கு மாறச் சொல்பவர்களும் சொல்லலாம், ஆனால் காரணத்தோடு, ப்ளீஸ்.